நெல் இங்கே... அரவை எங்கே? நீடாமங்கலம் சரக்கு ரயில் சொல்லும் ‘கிளஸ்டர்’ கணக்கு

அறுவடை சீசன் வந்தால் நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் நெல் லாரிகள் வரிசைகட்டும். கொள்முதல் நிலையங்களில் வாங்கிய நெல் மூட்டைகள், சரக்கு ரயிலில் ஏறி அரவைக்காக வெளிமாவட்டங்களுக்குப் போகும்.

விளையுறது டெல்டாவில். அரைக்கிறது மட்டும் ஏன் வெளியூரில்?

அரசு நெல்லைப் புழுங்கல் அரிசியாக அரைக்கும் ஆலை, 100 கிலோவுக்கு 68 கிலோ அரிசி தர வேண்டும். மீதி பெரும்பாலும் உமியும் தவிடும்தான். அதற்கும் சேர்த்தே ரயில் கட்டணம். அப்படிப் பார்த்தால் ஆலைகள் வயலுக்குப் பக்கத்தில்தானே குவிந்திருக்க வேண்டும்? ஆனால் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற காங்கேயம், காளைக்குப் பெயர்போன வறண்ட பூமி. அங்கே நெல் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது.

காங்கேயத்தில் அப்படி என்ன இருக்கு?

பக்கத்து ஆலை இருக்கு. ஒரே ஊரில் நிறைய ஆலைகள் இருந்தால் மெக்கானிக், உதிரிபாகக் கடை, புரோக்கர், லாரி எல்லாம் அங்கேயே வந்துவிடும். மெஷின் நின்றால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

தவிட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரைத்த சில நாட்களிலேயே அதிலுள்ள எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அதனால், உடனுக்குடன் நிறைய தவிடு கிடைக்கும் இடமே எண்ணெய் ஆலைகளுக்கு வசதி. தனியாக நிற்கும் ஆலைக்கு இந்த வருமானம் கிடைப்பது கஷ்டம்.

பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே இதை விளக்கினார்: ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் கைதேர்ந்த ஆட்கள், துணைத் தொழில்கள், தொழில் நுணுக்கம் மூன்றும் எல்லோருக்கும் கிடைக்கும்.

அப்போ கூட்டத்தில் சேர்ந்தால் லாபம் நிச்சயமா?

இல்லை. பிரச்சினையும் பொதுவாகிவிடும். நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் திருப்பூரின் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றை நம்பியிருந்த பின்னலாடை நிறுவனங்களும் சாயமேற்ற வெளியூர் தேடி அலைந்தன.

டெல்டாவுக்கு வாய்ப்பு உண்டா?

நெல் இருக்கு, ரயில் இருக்கு. தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கு. 2020 வேளாண் மண்டலச் சட்டம் அரிசி ஆலைகளைத் தடுக்கவில்லை. சிறு நிறுவனங்கள் சேர்ந்து பொது வசதி மையம் அமைத்தால் மத்திய அரசின் கிளஸ்டர் திட்டத்தில் மானியமும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். குறுவை, சம்பா அறுவடையை மட்டும் நம்பும் ஆலை மற்ற மாதங்களில் சும்மா நிற்கும். வெளியூர் நெல்லையும் வாங்கி ஆண்டு முழுக்க ஓட்டினால்தான் மெக்கானிக்கும் எண்ணெய் ஆலையும் தேடி வருவார்கள். டெல்டா பிள்ளைகளுக்கு ஊரிலேயே வேலை கிடைக்குமா என்பதும் இதைப் பொறுத்ததுதான்.