ஆந்திர மாநிலத்தின் முதல் ஆண்டு

சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும், பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்து மறைந்து தெலுங்கு எழுத்து தோன்றுகிறது. சிறிது தொலைவில் தடா. அங்கிருந்து மேற்கே திரும்பினால் ஸ்ரீசிட்டி. தொழில் தேடி இங்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குச் சென்று திரும்பும்போதெல்லாம் இந்த எல்லையைக் கடக்கின்றன. ஆயினும் இவ்வெல்லை பழமையானதன்று. 1953 செப்டம்பர் 30 வரை சென்னை, திருப்பதி, நெல்லூர், விசாகப்பட்டினம் ஆகிய நகரங்கள் யாவும் ஒரே மாநிலத்தில் இருந்தன. மறுநாள், அக்டோபர் 1 அன்று, ஆந்திர மாநிலம் பிறந்தது.

அதற்கு முன்பிருந்த சென்னை மாநிலம் மிகப் பெரியது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், துளு எனப் பல மொழி பேசுவோர் அதில் வாழ்ந்தனர். தாய்மொழியிலேயே ஆட்சியும் கல்வியும் நடைபெற வேண்டுமாயின் தெலுங்கு மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்ற கோரிக்கை, நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1952 அக்டோபர் 19 அன்று பொட்டி ஸ்ரீராமுலு என்னும் காந்தியத் தொண்டர், இக்கோரிக்கைக்காகச் சென்னை மயிலாப்பூரில் உண்ணாநோன்பு தொடங்கினார். 58 நாள்களுக்குப் பின், டிசம்பர் 15 அன்று அவர் உயிர் நீத்தார். தெலுங்கு மாவட்டங்களில் பெருங்கலவரம் மூண்டது; துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். நான்கே நாள்களில், டிசம்பர் 19 அன்று, ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் எனப் பிரதமர் நேரு அறிவித்தார். இன்று நெல்லூர் மாவட்டப் பலகைகளில் காணப்படும் ‘ஸ்ரீ பொட்டி ஸ்ரீராமுலு’ என்ற பெயர் இவருடையதே.

மாநிலம் அமைவது உறுதியாயிற்று. சென்னை நகரம் யாருக்கு? இவ்வினாவே எல்லாவற்றினும் கடினமானதாக இருந்தது. ‘மதராஸ் மனதே’ என்று ஆந்திரத் தலைவர்கள் முழங்கினர். ‘சென்னை நமதே’ என்பது அதன் பொருள். நகரில் தெலுங்கு பேசுவோர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். சென்னப்பட்டினம் என்னும் பெயரே சென்னப்ப நாயக்கர் என்ற தெலுங்குத் தலைவரின் பெயரால் வந்தது. ஆயினும் நகர மக்களுள் பெரும்பான்மையோர் தமிழரே. அதனைச் சூழ்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டமும் தமிழ் வழங்கும் மாவட்டமே. முதலமைச்சர் இராஜாஜியும், தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சிவஞானமும் நகரை விட்டுக்கொடுக்க இயலாது என்று உறுதியாக நின்றனர். பொதுச்சொத்துகளையும் அலுவலர்களையும் எவ்வாறு பிரிப்பது என்பதை ஆராய அமர்த்தப்பட்ட நீதிபதி வாஞ்சூ, புதிய மாநிலத்தின் அலுவலகங்கள் சில காலம் சென்னையிலேயே இயங்கலாம் எனக் கருதினார். அக்கருத்து ஏற்கப்படவில்லை. ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்ளேயே அமையும் என்று 1953 மார்ச்சு மாதத்தில் நேரு அறிவித்தார்.

அவ்வாறாயின் எந்த ஊர்? விஜயவாடா பெரிய நகரம். தொடர்வண்டிகள் பல கூடும் இடம். எனினும் துங்கபத்திரைக் கரையிலுள்ள கர்நூலே தேர்ந்தெடுக்கப்பட்டது. இதற்கு ஒரு பழைய வாக்குறுதி காரணம். தலைநகர், உயர்நீதிமன்றம் ஆகிய இரண்டனுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வறட்சி மிக்க இராயலசீமைக்கு உண்டு என்று 1937ஆம் ஆண்டின் ஸ்ரீபாக் உடன்படிக்கை கூறியிருந்தது. கடற்கரை மாவட்டத் தலைவர்கள் அதனை மறவாது காத்தனர் என்பது பாராட்டுக்குரியது.

1953 அக்டோபர் 1 அன்று கர்நூலில் நேரு புதிய மாநிலத்தைத் தொடங்கி வைத்தார். டங்குதூரி பிரகாசம் முதலமைச்சர் ஆனார். அப்போது அவருக்கு அகவை 81. சைமன் குழுவை எதிர்த்துச் சென்னையில் நடைபெற்ற போராட்டத்தில் துப்பாக்கி முனைக்கு மார்பைத் திறந்து காட்டியவர் அவர். நீலம் சஞ்சீவ ரெட்டி துணை முதலமைச்சர். பிற்காலத்தில் இவர் இந்தியக் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார். சென்னைச் சட்டமன்றத்திலிருந்து பிரிந்துவந்த 140 உறுப்பினர்களைக் கொண்டு ஆந்திரச் சட்டமன்றம் அமைந்தது.

கர்நூல் சிற்றூர்களுக்கு நடுவே அமைந்த ஒரு மாவட்டத் தலைநகர், அவ்வளவே. ஓர் அரசின் அலுவலகங்கள் அனைத்தையும் தாங்கும் கட்டடங்கள் அங்கு இல்லை. ஆதலால் அலுவலகங்கள் பலவும் கூடாரங்களில் இயங்கின. சென்னையில் பிறந்து வளர்ந்த தெலுங்கு அலுவலர் குடும்பங்கள், பழகிய தெருவையும் பள்ளியையும் விட்டுக் கர்நூலுக்குப் பெயர்ந்தன. இன்று தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வந்துள்ள குடும்பங்களைப்போல, அன்று அக்குடும்பங்களும் வேலையின் பொருட்டே வடக்கே சென்றன. தம் மொழி பேசும் மாநிலமாயினும், அவ்வூர் அவர்களுக்குப் புதிது.

அவ்வாண்டில் பிற பணிகளும் நடைபெற்றன. அதுவரை ஆந்திர வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றமே விசாரித்து வந்தது. 1954 ஜூலை 5 முதல் குண்டூரில் ஆந்திர உயர்நீதிமன்றம் இயங்கத் தொடங்கியது. கிருஷ்ணை ஆற்றின் பழைய அணை உடைந்திருந்தமையால், விஜயவாடாவில் புதிய அணைக்கான பணி தொடங்கப்பட்டது. அது இன்று பிரகாசம் அணை எனப்படுகிறது. 1954 செப்டம்பர் 2 அன்று திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. ஓராண்டு நிறைவெய்தியபின் அரசு நெடுநாள் நிலைக்கவில்லை. மதுவிலக்குச் சிக்கலால் எழுந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில், நவம்பர் மாதம் ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் பிரகாசம் அரசு கவிழ்ந்தது.

இவற்றிற்கிடையே தீராது நின்ற சிக்கல் ஒன்று உண்டு. சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அம்மாவட்டத்தின் தென்பகுதியில் தமிழ் பேசுவோர் மிகுதி. தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகக் கூறுவதைச் சுட்டிக்காட்டி, ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் வட எல்லைப் போராட்டத்தை நடத்தினர். செங்கல்பட்டு மாவட்டத்தின் வடபகுதியிலோ தெலுங்கு பேசுவோர் மிகுதி. மேலும், ஒரே ஊரில், ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில் இரு மொழியும் வழங்கின. இத்தகைய நிலத்தில் கோடு வரைவது எளிதன்று. அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ போன்ற மாநிலங்களின் எல்லைகளை வரைபடத்தில் நேர்கோடுகளாகக் காணலாம். நிலநேர்க்கோடு, நிலநடுவரைக்கு இணையான கோடு ஆகியவற்றைக் கொண்டு அவை வகுக்கப்பட்டன. பாலாற்றுக்கும் சுவர்ணமுகிக்கும் இடையே அம்முறை பயன்படாது.

இரு மாநில அரசுகளின் இசைவுடன் எச்.வி.படாஸ்கர் இச்சிக்கலை ஆராய்ந்தார். மாவட்டத்தையோ வட்டத்தையோ கொள்ளாமல், ஒவ்வொரு சிற்றூரையும் தனி அலகாகக் கொண்டு, அங்கு எம்மொழி பேசுவோர் மிகுதி, அவ்வூர் எம்மாநிலத்தோடு நிலத்தொடர்பு உடையது என்று பார்த்தார். அவருடைய பரிந்துரையின்படி நாடாளுமன்றம் 1959இல் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்கு மாறியது.

அந்தச் சத்தியவேட்டின் வட்டாரத்தில்தான் ஸ்ரீசிட்டி அமைந்துள்ளது. ஆகவே ஆந்திர மாநிலம் தன் முதல் ஆண்டைக் கழித்தபோது சத்தியவேடு அதன் பகுதியன்று. அங்குள்ளோர் சென்னை மாநிலத்தின் குடிமக்களாக இருந்தனர். 1960 மார்ச்சு 31 இரவு சென்னை மாநிலத்தில் உறங்கியவர்கள், மறுநாள் காலை அதே வீட்டில், அதே மொழி பேசிக்கொண்டு, ஆந்திரப் பிரதேசத்தில் விழித்தனர். செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு வந்த சத்தியவேடு, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது.