பால்மரமும் பிரேக்கும்

தஞ்சோங் மாலிம் இன்று கார் கட்டும் ஊர். 2004-ல் வெளிவந்த ஜென்-2 காரோடு புரோட்டோனின் பெரிய தொழிற்சாலை இங்கே பேர் பெற்றது. அதற்கு முன்பு, பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்னாம் ஆற்றங்கரையில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. அந்த இரண்டு வரலாறுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பழைய கார் ஒன்றின் பிரேக்கைப் பிரித்தால், விரல்நுனி அளவுள்ள ஒரு ரப்பர்க் கப் கையில் வந்து விழும். அந்த இடம் அதுதான்.

1985 ஜூலை 9 அன்று அறிமுகமான புரோட்டோன் சாகாவின் முதல் தலைமுறை, சிற்சில மாற்றங்களோடு 2008 வரை விற்பனையில் இருந்தது. ஓடாமல் கிடக்கும் சாகா ஒன்றை மீட்டெடுக்க நினைக்கிறவர்கள் முதலில் எஞ்சினைத்தான் கவனிப்பார்கள். பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்பி, எஞ்சின் உறுமியதும் மனம் நிறைந்துவிடும். ஆனால் எஞ்சின் பழுதானால் கார் வீட்டிலேயே நிற்கும். பிரேக் பழுதானால் நிற்காது. அதனால் மீட்பு வேலை பிரேக்கில்தான் தொடங்க வேண்டும். அதை வீட்டில் செய்ய நினைப்பவர், ஸ்பேனரைத் தேடுவதற்கு முன் உள்ளே நடக்கும் இயற்பியலைத் தெரிந்துகொள்வது நல்லது. அது அத்தனை அழகானது.

900 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2,80,000 ஜூல். கார் நிற்கும்போது இந்த ஆற்றல் அழிந்துவிடுவதில்லை. பெரும்பாலும் வெப்பமாக மாறி பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை நம் ஊர்ச் சூட்டிலிருந்து கொதிநிலை நெருங்கும்வரை காய்ச்ச இவ்வளவு ஆற்றல் போதும். அடுப்பில் சில நிமிடம் பிடிக்கும் அந்த வேலையை பிரேக் நான்கைந்து விநாடியில் முடிக்கிறது. அதற்கான விசையோ ஒரு மனிதரின் பாதத்திலிருந்து வருகிறது.

பெடலை 20 கிலோ எடைக்கு ஈடான விசையோடு மிதிக்கிறோம். பெடல் ஒரு நெம்புகோல்; அது விசையை நான்கு மடங்காக்கினால் மாஸ்டர் பம்புக்குள் 80 கிலோ சேர்கிறது. அந்தப் பம்பின் பிஸ்டன் 20 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்றால் பரப்பு சுமார் 3 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. ஆகவே அதே 25 கிலோ குழாய் வழியே முன்சக்கரக் காலிப்பருக்குப் போகிறது. அங்கே பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் பரப்பு கிட்டத்தட்ட 20 சதுர சென்டிமீட்டர். அது பிரேக் பேடை 500 கிலோ விசையோடு டிஸ்க்கில் அழுத்துகிறது. எஞ்சினின் உறிஞ்சுவிசையால் வேலை செய்யும் பூஸ்டர் தரும் உதவியை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த விதியைச் சொன்ன பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் 1662-ல் இறந்தார்; மறு ஆண்டு அவருடைய நூல் வெளியானது. காரின் நான்கு சக்கரங்களையும் திரவத்தால் நிறுத்தும் முறைக்கு அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் காப்புரிமை பெற்றது 1917-ல். இடையில் இரண்டரை நூற்றாண்டு! விதி தெரிந்திருந்தும் கசிவை நிறுத்தத் தெரியவில்லை. பிஸ்டன் தாராளமாக அசைய வேண்டும், ஆனால் அதன் ஓரத்தில் ஒரு துளிகூட வெளியே வரக் கூடாது. ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளும் ஒரே பொருளில் கூடிவர வேண்டியிருந்தது. 1795-ல் இங்கிலாந்தில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜோசப் பிராமா தோல் வளையங்களை நம்பினார். லாக்ஹெட்டும் முதலில் தோல் கப்புகளைத்தான் போட்டார். தோல் காயும், சுருங்கும், ஒழுகும். 1924-ல் கிரைஸ்லர் கார்களுக்காக இந்தப் பிரேக்கைத் திருத்தியமைத்த பொறியாளர்கள் தோலை எடுத்துவிட்டு ரப்பரை வைத்தார்கள். திரவப் பிரேக் நம்பத்தக்கதாக ஆனது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் உலக ரப்பரின் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனது. 1877-ல் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் சில கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் நடப்பட்டன. பேராக்கின் ரப்பர்க் கதை அங்கே தொடங்குகிறது. விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழர்களின் உழைப்பு கப்பலேறி டயராகவும் குழாயாகவும் உலகின் சாலைகளுக்குப் போயிற்று.

ரப்பரின் திறமைதான் என்ன? அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். வெப்ப அதிர்வால் எப்போதும் சுருண்டு கிடக்க விரும்புபவை. இழுத்தால் நிமிரும், விட்டால் பழைய சுருளுக்கே திரும்பும். 1839-ல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தபடி கந்தகத்தோடு சூடாக்கினால் சங்கிலிகளுக்கிடையே கண்ணிகள் விழுந்து, அந்தத் திரும்பும் குணம் நிலைக்கிறது. பிரேக் இதை இரண்டு விதமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மாஸ்டர் பம்பிலும் பின்சக்கர வீல் பம்பிலும் உள்ள கப்புக்கு மெல்லிய உதடு உண்டு. திரவத்தின் அழுத்தமே அந்த உதட்டை உருளையின் சுவரோடு ஒட்டவைக்கிறது. எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு இறுக்கமாக அது அடைத்துக்கொள்கிறது. காலிப்பரில் இருப்பது சதுர வெட்டு கொண்ட வளையம். பிஸ்டன் முன்னே போகும்போது அது சற்றே முறுகும்; பாதத்தை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை மில்லிமீட்டரின் ஒரு சிறு பகுதி அளவுக்குப் பின்னே இழுக்கும். பேடை டிஸ்க்கிலிருந்து விலக்கும் ஸ்பிரிங்கும் அதுவே.

ரப்பருக்கு ஏற்ற திரவம் எது என்பது அடுத்த கேள்வி. எஞ்சின் எண்ணெய் போன்ற கனிம எண்ணெய் ரப்பர்ச் சங்கிலிகளோடு இயல்பில் ஒத்தது. அதனால் சங்கிலிகளுக்கிடையே புகுந்து ரப்பரை ஊதவைத்துவிடும். அந்நாளைய பொறியாளர்கள் ஆமணக்கு எண்ணெயை ஆல்கஹாலோடு கலந்து பிரேக்குக்கு ஊற்றினார்கள். நம் வீடுகளில் விளக்கெண்ணெய் என்று வைத்திருந்த அதே எண்ணெய்தான். அதன் மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி இயற்கை ரப்பரோடு அதைச் சேரவிடுவதில்லை. இன்றைய கப்புகள் பெரும்பாலும் செயற்கை ரப்பர். திரவம் கிளைக்கால் வகை. ஆனால் கனிம எண்ணெய் இன்றும் பகைதான். பிரேக் புட்டியில் யாராவது தெரியாமல் எஞ்சின் எண்ணெயையோ பவர் ஸ்டியரிங் எண்ணெயையோ ஊற்றியிருந்தால், வெறுமனே வடித்துவிட்டால் போதாது. திரவம் தொட்ட ரப்பர் அத்தனையையும் மாற்ற வேண்டும்.

கிளைக்கால் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு; காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். ஆண்டு முழுக்க ஈரம் கனத்த மலேசியக் காற்றில் இது சாதாரண விஷயமல்ல. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்ததும் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. திரவம் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். திரவத்தைச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். மிதித்த பெடல் தரைவரை போய்விடும், கார் ஓடிக்கொண்டே இருக்கும்.

தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,400 மீட்டர் இறக்கம். 900 கிலோ கார் அந்த உயரத்தில் இழக்கும் ஆற்றல், 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 தடவைக்கு மேல் நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சினின் பங்கு கூடும். பிரேக்கை மட்டுமே நம்பி, பல ஆண்டு பழைய திரவத்தோடு இறங்குவது உயிரோடு விளையாடுவது. நீர் இன்னொரு வேலையும் செய்கிறது. ஓடாத காரில் அது வீல் பம்பின் அடியில் தங்கி உலோகத்தை அரிக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் பம்பின் உள்ளே அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருக்கும். அந்தச் சுவரில் எந்தப் புதுக் கப்பும் நெடுநாள் அடைத்து நிற்காது.

இவ்வளவும் தெரிந்தபின் வேலையின் ஒழுங்கு தானாகவே விளங்கும். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜேக்கில் தூக்கிய காரைத் தாங்குகால்களில் இறக்கி நிறுத்த வேண்டும். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூளை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும். ரப்பர் உள்ள பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாமல், ஸ்பிரிட்டிலோ புதிய பிரேக் திரவத்திலோ கழுவ வேண்டும். பம்பின் உட்சுவரை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வழுவழுப்பாக இருந்தால் புதிய ரப்பர் கிட் போதும். குழி தெரிந்தால் முழுப் பம்பையும் மாற்றுவதே சரி. ரப்பர்க் குழாய்களின் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம். உள்ளே ஊதிப்போன குழாய், திரவத்தைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுக்கும். பாதத்தை எடுத்த பின்னும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும்.

கடைசி வேலை காற்று எடுப்பது. ஒரே ஒரு கன சென்டிமீட்டர் காற்று உள்ளே தங்கினாலும், 25 கிலோ அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். முன்பு பார்த்த அளவுகளின்படி, அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டவே பெடல் 12 மில்லிமீட்டர் கூடுதலாக இறங்க வேண்டும். பஞ்சுபோல் மிதிபடும் பெடலுக்கு இதுவே காரணம். ஒருவர் பெடலை மெல்ல அழுத்த, மற்றவர் சக்கரத்தின் பிரேக் நிப்பிளைத் திறக்க, பெடல் மேலே வருமுன் மூட வேண்டும். மாஸ்டர் பம்ப் பழையதாக இருந்தால் பெடலைத் தரைவரை விடாதீர்கள். கப் பல ஆண்டாகத் தொடாத துருப்பகுதிக்குள் போய் உதடு கிழிந்துவிடும். அடியில் மரக்கட்டை ஒன்று வைத்தால் போதும்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அது மெதுவாக இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பலமுறை மிதித்து, அழுத்தியபடியே எஞ்சினை இயக்கினால் பெடல் சற்றே இறங்க வேண்டும். பூஸ்டர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பிறகு நடைவேகத்தில், ஆளில்லாத சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். சாலைக்கு எடுக்குமுன் அனுபவமுள்ள பட்டறைக்காரர் ஒருவர் வேலையைப் பார்வையிடட்டும். புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை மையத்தில் உருளைகள்மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக் விசையை அளந்தும் பார்க்கலாம். நம் கை செய்த வேலையை ஓர் அளவுகருவி உறுதி செய்வதில் தனி நிம்மதி உண்டு.

பாஸ்கல் விதி ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்தில் இருக்கிறது. காற்று எடுக்க எப்படியும் இரண்டு பேர் வேண்டும். பெடலில் உங்கள் பிள்ளையை உட்கார வையுங்கள். பஞ்சாக இருந்த பெடல் தன் பாதத்தின் கீழே கல்லாக இறுகுவதை உணர்ந்த பிள்ளைக்கு, அந்த விதியை மனப்பாடம் செய்யும் தேவை இருக்காது.