ஸ்கேன் செய்த நூல்களைப் பார்வையற்றோர் மெய்ப்புப் பார்த்தல்

அச்சு நூலை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளால் கணினி உரையாக மாற்றும்போது பிழைகள் நுழைந்துவிடுகின்றன. அவற்றைப் பார்வையற்றோரே திரைவாசிப்பான், பிரெயில் திரை ஆகியவற்றின் துணையால் களைகின்றனர். அச்சுப் பக்கத்தை உரக்கப் படிக்கும் கருவியை ரே கர்ஸ்வைல் 1976இல் அமெரிக்காவில் வெளியிட்டார். கலிபோர்னியாவின் பெனிடெக் நிறுவனம் 2002இல் தொடங்கிய புக்‌ஷேர் மின்னூலகத்துக்கு நூல்களை ஸ்கேன் செய்தும் திருத்தியும் அளித்த தன்னார்வலர்களுள் பார்வையற்ற வாசகர்களும் உண்டு.

பார்வையில்லாமல் எழுத்துப்பிழையை எவ்வாறு கண்டுபிடிப்பது என்ற ஐயம் இயல்பானது. உண்மையில் எளிதில் ஏமாறுவது கண்தான். 'கௌதமன்' என்ற பெயரில் ஔகாரக் குறி இருக்கவேண்டிய இடத்தில் ளகரம் விழுந்தால் 'கெளதமன்' ஆகிவிடும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. திரைவாசிப்பானோ 'கெ-ள-தமன்' என்று படித்துக் காட்டிக்கொடுத்துவிடும். துணைக்கால் ரகரமாக மாறி, 'பாடம்' 'பரடம்' ஆவதும் அவ்வாறே காதில் இடறும். ஆங்கிலத்தில் ஆர், என் என்னும் இரு எழுத்துகள் ஒட்டி எம் ஆகி, 'மாடர்ன்' என்ற சொல் 'மோடெம்' ஆவதுண்டு. மோடெமும் அகராதிச் சொல்லே என்பதால் சொற்பிழை திருத்தி அதைக் கண்டுகொள்ளாது; கேட்பவர் நிறுத்திவிடுவார்.

காதுக்கும் எல்லை உண்டு. செயற்கைக் குரல் வேகமாக ஓடும்போது 'மணம்', 'மனம்' இரண்டையும் பிரித்தறிவது கடினம். அங்கே விரல் உதவுகிறது. கணினியோடு இணைக்கப்படும் பிரெயில் திரையில் சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்துகளைக் காட்டும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் பிரெயிலில் வெவ்வேறு புள்ளிகள். ஒரு நேரத்தில் ஒரு வரி, அதுவும் பெரும்பாலும் நாற்பது கட்டங்களுக்குள்தான் தெரியும். ஆகவே நூல் முழுவதையும் செவியால் கேட்டு, ஐயமுள்ள இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்ப்பது நல்ல முறை. நிறுத்தற்குறிகளையும் படிக்கும்படி திரைவாசிப்பானை அமைத்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் காற்புள்ளி முற்றுப்புள்ளியானது தெரியாது. பக்கந்தோறும் வரும் நூல்தலைப்பு வாக்கியத்தின் நடுவே புகுந்திருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

எண்கள்தாம் பெருந்தொல்லை. 1868 என்பது 1863 ஆனால் ஒலியிலும் குறையில்லை, பிரெயிலிலும் குறையில்லை. வரலாறு படிக்கும் மாணவர் அதை அப்படியே தேர்வில் எழுதிவிடுவார். இங்கு மட்டும் பார்வையுள்ள ஒருவர் ஸ்கேன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும்.