கல்லாவில் மட்டும் ஒரு நாற்காலி

கார்த்திகை மாதத்தில் சோளிங்கர் மலையடிவாரம் எப்படி இருக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படி ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கினால் ஏதாவது ஒரு படியில் உட்கார்ந்துகொள்வார்கள். கீழே கடைத்தெருவில் காலையிலிருந்து இரவு வரை நிற்கிற பெண்களுக்கு அந்தப் படிகூட இல்லை. ஒரு ஜவுளிக்கடையில் ஆளில்லாத மதிய நேரம். விற்பனைப் பெண் ஒற்றைக் காலில் நின்றபடி, மறு காலை மடக்கிப் புடவை அடுக்கில் சாய்ந்திருந்தார். "உட்காரலாமேம்மா" என்றேன். பதில் சொல்லாமல் கண்ணாலேயே மேலே காட்டினார். கேமரா. உட்கார்ந்தால் ஐம்பது ரூபாய் பிடித்தமாம். கடையில் இருந்த ஒரே நாற்காலி கல்லாவில்.

அந்த ஐம்பது ரூபாய்க்கும் சட்டத்தில் இடமில்லை, உட்காரக் கூடாது என்ற விதிக்கும் இடமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ஆம் ஆண்டு 22-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருந்தாக வேண்டும் என்கிறது அது. இதற்கு வழிகாட்டியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். விஜி என்ற தையல்காரப் பெண் முன்னின்று நடத்திய 'பெண்கூட்டு' அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை, பிறகு இருக்கை. வருடக்கணக்கான போராட்டத்துக்குப் பிறகு 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. இந்த உரிமையை யாரும் தானாக முன்வந்து கொடுத்துவிடவில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

கடைகளின் கதை இப்படியென்றால், விடியற்காலை வேன் ஏறி ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் போகிற பெண்களின் கதை வேறு மாதிரி. ஸ்டிட்ச்சிங் லைனில் உட்கார்ந்துதான் வேலை. ஆனால் எழுந்திருக்க முடியாது. பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டும், லைனுக்கு ஒரே டோக்கன். "தண்ணியே குடிக்கறதில்லக்கா" என்றார் ஒருவர். சாப்பாட்டுப் பையில் வைத்திருந்த பாட்டில் சாயங்காலமும் நிறைந்தே இருந்தது. அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்து, மாத்திரைக்குச் செலவழித்து, அதற்காக லீவு போட்டு, அந்த நாள் சம்பளத்தையும் இழக்கிறார்கள். தொழிலாளர்கள் தொழிற்சாலையில் இருக்கும் எல்லா நேரமும் போய்வரும்படி கழிப்பறை இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது. எல்லா நேரமும் என்ற சொல்லுக்குள் டோக்கன் எங்கே வருகிறது?

அடுத்தது பிடித்தம். பத்து நிமிடம் தாமதமாக வந்தால் அரை நாள் சம்பளம் போச்சு என்பது பல இடங்களில் எழுதப்படாத விதி. மாதம் 12,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 26 நாள் கணக்கில் ஒரு நாள் சம்பளம் சுமார் 460 ரூபாய். எட்டு மணி நேர வேலையில் பத்து நிமிடத்துக்குப் பத்து ரூபாய்கூட ஆகாது. வேலைக்கு வராத நேரத்துக்கு எவ்வளவோ அவ்வளவுதான் பிடிக்கலாம். 230 ரூபாய் பிடித்தால் மீதி 220 ரூபாய் உங்கள் பணம்.

அபராதம் என்றால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று அரசின் முன் அனுமதியோடு அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். உங்களிடம் விளக்கம் கேட்காமல் போடக் கூடாது. ஒரு மாதத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது. 12,000க்கு 360 ரூபாய். அந்தப் பணமும் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும், முதலாளியின் வருமானத்தில் சேராது. 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்த இந்தக் கடிவாளம், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. முறையில்லாத பிடித்தத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பிடித்தது சரிதான் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு.

கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதனால் தனியாகப் போகாதீர்கள். சம்பள மனுவைப் பதிவுபெற்ற தொழிற்சங்கமே உங்கள் சார்பில் கொடுக்கலாம். கடை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகம், தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். சேர்ந்து நின்றால் பலன் உண்டு: 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலை மசோதாவையே, தொழிற்சங்கங்கள் சேர்ந்து எதிர்த்ததால் அரசு மே தினத்தன்று திரும்பப் பெற்றது.

மனு கொடுக்கப் போவதற்கு முன் ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் சூப்பர்வைசர் போட்ட மெசேஜை அழிக்காதீர்கள். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றால், வேனில் வீடு திரும்பும்போது நோட்டில் எழுதுங்கள்: என்ன தேதி, எத்தனை மணி, என்ன காரணம் சொன்னார்கள், எவ்வளவு பிடித்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்.