ஊட்டுதலும் செலுத்துதலும்

‘உண்’ என்பது தன்வினை. ‘ஊட்டு’ என்பது அதன் பிறவினை. குழந்தை உண்கிறது, தாய் ஊட்டுகிறாள். உண்பித்தல் என்று பொருள் கூறினும், ஊட்டுதல் என்னும் சொல்லில் மடியும் கையும் முகம் பார்த்தலும் சேர்ந்தே நிற்கின்றன. வாயால் உண்ணமாட்டாத குழந்தைகட்கோ மெல்லிய குழாயொன்றின் வழியே பால் இரைப்பையினுள் செலுத்தப்படுகிறது. அத்தகைய குழந்தையை வளர்க்கும் பெற்றோர் செய்வது ஊட்டுதலா, செலுத்துதலா? இஃது இலக்கண வினா மட்டுமன்று. குழந்தையின் பிற்கால வாழ்வே இதனுள் அடங்கியுள்ளது.

விழுங்குதல் என்னும் கலை

பால் குடித்தல் எளிய செயலாகத் தோன்றும். ஆயினும் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தடுக்காமல் மாறிமாறி நிகழ்ந்தாலன்றி அது நடைபெறாது. இவ்விசைவு கருவளர்ச்சியின் 34ஆம் வாரத்தையொட்டியே அமைகிறது. எனவே, அதற்கு முன்னரே பிறந்துவிட்ட குழந்தைகட்குச் சில வாரம் குழாய் தேவைப்படுதல் இயல்பே. அவர்களுட் பெரும்பாலோர் வளர வளர வாயாலேயே குடிக்கத் தொடங்கிவிடுவர்.

வேறு சில குழந்தைகளின் நிலை அத்துணை எளிதன்று. மூளை முடக்குவாதம் உடைய குழந்தைக்கு நாவும் தொண்டையும் ஒத்துழைப்பதில்லை. பால் வழிதவறி நுரையீரலுட் புகுந்து அழற்சியை உண்டாக்கும். பிறவியிலேயே இதயக் குறையுடைய குழந்தை உறிஞ்சும் உழைப்பிலேயே களைத்துப் போகும். உணவுக்குழல் முழுமையாக அமையாமற் பிறக்கும் குழந்தைகளும் உளர். இவர்கட்கு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ குழாய் வேண்டியிருக்கலாம். இவற்றுள் எதுவும் தாயின் குற்றமன்று. “தாய்ப்பால் கொடுத்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்று உறவினர் கேட்கும் கேள்வி அறியாமையின் விளைவே, ஆனால் அது தாயின் நெஞ்சில் நெடுநாள் தங்கிவிடும்.

குழாயின் கதை

1790ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜான் ஹன்ட்டர், விழுங்கும் ஆற்றலை இழந்த நோயாளி ஒருவருக்கு விலாங்கு மீனின் தோலைக்கொண்டு அமைத்த குழாயின் வழியே உணவளித்தார். இன்று மூக்கின் வழியே இரைப்பைவரை செல்லும் மென்குழாய் குறுகிய காலத் தேவைக்குப் பயன்படுகிறது. நெடுங்காலத் தேவைக்கு வயிற்றின் மேற்புறத்திற் சிறு துளையிட்டு, நேரே இரைப்பையிற் குழாய் பொருத்துவர்.

முன்னர் இதற்கு வயிற்றைக் கீறித் திறக்க வேண்டியிருந்தது. 1979 ஜூன் 12ஆம் நாள், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் கௌடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி என்னும் இரு மருத்துவர்கள் நாலரை மாதக் குழந்தையொன்றுக்குப் புதுமுறையைக் கையாண்டனர். உள்நோக்குக் கருவியை வாய்வழியே இரைப்பைக்குட் செலுத்தினால் அதன் ஒளி வயிற்றுத் தோலின் மேல் தெரியும். அவ்விடத்தில் ஊசியைக் குத்தி, அதன் வழியே நூலை உள்ளே விட்டு வாய்வழியே வெளியே இழுப்பர். பின்னர் அந்நூலிற் குழாயைக் கட்டி, வயிற்றுத் துளை வழியே வெளிவரச் செய்வர். வயிற்றைத் திறவாமற் செய்யும் இம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. 1984இல் கௌடரர், தோலோடு தோலாகப் படியும் பொத்தான் போன்ற அமைப்பையும் அறிமுகப்படுத்தினார். அதனை அணிந்த குழந்தை குப்புறக் கவிழ்ந்து தவழவும் தடையில்லை.

இல்லத்திற் கற்க வேண்டுவன

மூக்குக் குழாய் இடம் மாறுதல் எளிது. ஆதலின் ஒவ்வொரு முறையும் உணவு தருமுன், பீச்சுக்குழலாற் சிறிது நீரை வெளியிழுத்துச் சோதனைத் தாளில் இடுதல் வேண்டும். இரைப்பை நீர் புளிப்புத் தன்மையுடையது. தாள் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பின் குழாய் உரிய இடத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். ஐயம் எழுந்தால் ஒரு துளியும் செலுத்தலாகாது. உணவின்போதும் அதன்பின் அரைமணி நேரமும் குழந்தையின் தலை உயர்ந்திருத்தல் நலம். உணவுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் மருத்துவர் கூறிய அளவு நீர்விட்டுக் குழாயை அலசினால் அடைப்பு நேராது.

வயிற்றுக் குழாய் கழன்று விழுந்தாலோ, துளை சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடிவிடக் கூடும். “காலையிற் பார்க்கலாம்” என்று தாமதித்தல் தவறு. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவை அனைத்தையும் இல்லத்தில் இருவரேனும் கற்றிருத்தல் இன்றியமையாதது. தாய் ஒருத்தியே கற்றிருப்பின், அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் குழந்தைக்கு உணவளிப்பவர் யார்? இரவு உணவுக்கும் மருந்துக்குமாக அவள் பலமுறை விழிக்கிறாள். தந்தை ஒருவேளைப் பொறுப்பை ஏற்பாராயின், அது தாய்க்குச் செய்யும் உதவி மட்டுமன்று. குழந்தைக்குக் காப்பும் ஆகும்.

வாயை மறவாமை

குழாய் வயிற்றை நிரப்பும். ஆனால் வாய்க்குக் கல்வி தராது. முகத்தருகே வருவன எல்லாம் ஒட்டுப்பட்டை, உறிஞ்சுகுழல், கசப்பு மருந்து என்றே பழகிய குழந்தை, பின்னாளிற் கரண்டியைக் கண்டாலும் முகந்திருப்பும், குமட்டும். உடல் தேறிய பின்னரும் உண்ண மறுக்கும் நிலை இவ்வாறே தோன்றுகிறது. வற்புறுத்தி ஊட்டினால் அச்சம் வளருமேயன்றிப் பசி வளராது.

ஆகையால் முதல் நாளிலிருந்தே வாயை மறவாதிருத்தல் வேண்டும். குழாயிற் பால் இறங்கும்போது சிறு குழந்தைக்குச் சூப்பானைச் சப்பக் கொடுப்பர். சப்புதலும் வயிறு நிறைதலும் ஒன்றென அது உணரும். வளர்ந்த குழந்தையைக் குடும்பத்தார் உண்ணும் இடத்திலேயே உட்காரவைத்தல் வேண்டும். இரசத்தின் மணமும் தட்டின் ஓசையும் அதற்கும் உரியன. விழுங்குதலை ஆராயும் பேச்சுப் பயிற்சியாளரும் மருத்துவரும் இசைந்தால், உதட்டில் ஒரு துளி சுவை காட்டலாம். வாய்வழி எதுவும் கூடாத குழந்தைக்கும் பல் துலக்குதல் நாள்தோறும் வேண்டும். தூய்மையற்ற எச்சில் நுரையீரலுட் புகுந்து தீங்கு செய்யும். “பட்டினி போட்டால் தானே உண்ணும்” என்று இல்லத்திலேயே குழாயை நிறுத்துதல் பெருந்தீங்கு. அது மருத்துவர் மேற்பார்வையிற் படிப்படியாக நிகழவேண்டியது.

ஆசிரியர் கடன்

மலேசியாவில் சிறப்புத் தேவையுடைய எப்பிள்ளைக்கும் பள்ளி இடம் மறுத்தலாகாது என்னும் கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரிலும் அவ்வாண்டிலிருந்தே அத்தகைய பிள்ளைகள் கட்டாயக் கல்விச் சட்டத்துள் அடங்கினர். எனவே குழாயுடைய பிள்ளை நாளை எவ்வகுப்பிலும் வந்தமரலாம். உணவளிக்கப் பயிற்சி பெற்றவர் யார், குழாய் கழன்றால் அழைக்க வேண்டியவர் யார் என்பவை முதல் நாளிலேயே எழுதிவைக்கப்பட வேண்டும். இடைவேளையில் அப்பிள்ளையைத் தனியறையில் ஒதுக்காமல் மற்றவரோடு அமர்த்துதல் நன்று. “அது என்ன சார்?” என்று பிள்ளைகள் கேட்டால், “நீ வாயாற் சாப்பிடுகிறாய், அவன் இதன் வழியாகச் சாப்பிடுகிறான்” என்னும் விடையே போதும். பிள்ளைகள் அதனை எளிதில் ஏற்றுக்கொள்வர்.

பிள்ளை தன் சிறு கையையிட்டுக் கலக்கிய கூழ் பெற்றோர்க்கு எத்துணை இனியது என்பதை வள்ளுவர் மக்கட்பேற்றிற் கூறியிருத்தலைத் தமிழாசிரியர் அறிவர். இன்றைய பயிற்சியாளரும் குழந்தையின் கை உணவிற் படியட்டும், அளையட்டும் என்றே அறிவுறுத்துகின்றனர். குழாயின் வழியே பால் இறங்கும் அந்நேரத்திற் குழந்தை தாயின் மடியிலிருந்து, அதன் கையருகே ஒரு கிண்ணம் கூழும் இருக்குமாயின், அங்கே நிகழ்வது செலுத்துதல் அன்று, ஊட்டுதலே ஆகும்.