வால்வின் அளவும் ஆளின் அளவும்

எக்கோ அறிக்கையில் பெருநாடி வால்வின் பரப்பு 0.9 சதுர செ.மீ. என்று வந்தால், தீவிரச் சுருக்கம் என்று முடிவுகட்டிவிடுவது எளிது. நல்ல வால்வு 3 முதல் 4 சதுர செ.மீ. வரை திறக்கும், 1-க்குக் கீழே போனால் தீவிரம் என்பது மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் அந்தத் திறப்பு எவ்வளவு பெரிய உடம்புக்கு ரத்தம் அனுப்புகிறது என்பதையும் பார்க்க வேண்டாமா?

150 செ.மீ. உயரம், 45 கிலோ எடை உள்ள பெண்ணின் உடற்பரப்பு ஏறத்தாழ 1.37 சதுர மீட்டர். 0.9-ஐ அதனால் வகுத்தால் 0.66. இப்படி வகுத்துப் பார்க்கும்போது தீவிரத்தின் எல்லை 0.6. ஆக, அவருக்கு இருப்பது மிதமான சுருக்கமாக இருக்கலாம். 185 செ.மீ. உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஆணுக்கோ அதே 0.9 வெறும் 0.41 ஆகிறது. வால்வை மாற்றுவதா, பொறுத்திருந்து பார்ப்பதா என்ற கேள்வியே இதையும் சார்ந்திருக்கிறது. சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடாமல் விடக் கூடாது என்பேன்.

பருமனானவர்களிடம் இதே கணக்கு ஏமாற்றும். உடற்பரப்பை யாரும் நேரடியாக அளப்பதில்லை. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணிக்கிறார்கள். இன்றும் புழக்கத்தில் உள்ள டு பாய்ஸ் சூத்திரம், 9 பேரின் உடலைக் காகிதத்தால் அச்செடுத்து அளந்து உருவாக்கப்பட்டு 1916-ல் வெளியானது. 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 60 கிலோவிலிருந்து 100 கிலோவானால், அந்தச் சூத்திரப்படி பரப்பு 1.62-லிருந்து 2.02 ஆகும். அவருடைய வால்வு முன்போலவே 1.1 சதுர செ.மீ. திறந்தாலும், வகுத்து வரும் எண் 0.68-லிருந்து 0.55-க்கு இறங்கிவிடும். வால்வில் எந்த மாற்றமும் இல்லாமலே மிதமான நோய் தீவிரமாகிறது! கூடுவது பெரும்பாலும் கொழுப்பு; உழைக்கும் தசை அளவுக்கு அது ரத்தம் கேட்பதில்லை.

இன்னொரு சிக்கல், அந்த 0.9-ஏ நேரடி அளவு அல்ல. வால்வுக்குச் சற்றுக் கீழே உள்ள பாதையின் விட்டத்தை எக்கோவில் அளந்து, அதன் வர்க்கத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள். 20 மி.மீ. விட்டத்தை 18 என்று குறித்தால், பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

அதனால் ரத்தம் பாயும் வேகத்தையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். விநாடிக்கு 4 மீட்டர் அல்லது சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் என்றால் தீவிரம். சிறிய உடலில் பாயும் ரத்தமும் குறைவு, வால்வும் சிறியது என்பதால் இதை உடற்பரப்பால் வகுப்பதில்லை. இதயம் அனுப்பும் ரத்தம் குறைந்து வேகமும் தணிந்துபோனவர்களுக்கு, சிடி ஸ்கேனில் வால்வில் படிந்த கால்சியத்தை அளக்கிறார்கள். அதிலும் எல்லை ஒன்றல்ல: தீவிரம் என்று கருத ஆண்களுக்கு 2000 அலகு, பெண்களுக்கு 1200.