அலுமாரியில் இருந்தால் அது நூலகமா? தோட்டப் பாடசாலைகளில் வாசிப்பை நடத்துவது எப்படி

இலங்கையில் 2004 முதல் ஒக்டோபர், தேசிய வாசிப்பு மாதமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளிலும் அந்த மாதம் பேச்சு, கட்டுரை, சித்திரம் எனப் போட்டிகள் நடக்கும். பரிசு வாங்குவது ஏற்கெனவே நன்றாக வாசிக்கும் பிள்ளைதான். எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு மீதிப் பதினொரு மாதமும் நூலகம் என்ன செய்கிறது?

பாடசாலையை விட்டால் வேறு இடமில்லை

தோட்டப் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பை 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பல தோட்டங்களில் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பாடசாலையாக இருந்தன. 1977 முதல் படிப்படியாகத்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. இன்றும் லயத்து வீட்டில் கதைப் புத்தகம் வைத்திருப்பது அரிது. அம்மா விடிந்ததும் கொழுந்து மலைக்குப் போய்விடுவார். பொது நூலகத்துக்குப் போக வேண்டுமென்றால் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். பாடநூல் அல்லாத புத்தகம் ஒன்றைப் பிள்ளை கையில் எடுக்க வழி பாடசாலையில்தான் உண்டு.

வாரம் ஒரு பாடவேளை

முதல் தேவை, நேரசூசியில் அசையாத ஒரு நூலகப் பாடவேளை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினாலும் அதை மாதிரி வினாத்தாளுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் முதலில் ஆசிரியர் வாசிக்க வேண்டும். படம் பிள்ளைகளைப் பார்த்தபடி இருக்க, தாளைப் புரட்டுமுன் நிறுத்தி, “இனி என்ன நடக்கும்?” என்று கேட்டால் பின்வரிசைப் பிள்ளையும் வாய் திறக்கும். பிறகு இருவர் இருவராக வாசிக்கலாம்.

புத்தகத்தைப் பிள்ளையின் வயதைப் பார்த்துக் கொடுப்பதைவிட வாசிக்கும் திறனைப் பார்த்துக் கொடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நூல்களை ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என நான்கு படிகளாகப் பிரித்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் நம் நூலகத்திலும் அதைச் செய்துவிடலாம். புத்தகம் போதாவிட்டால் ‘ஸ்டோரிவீவர்’ தளத்திலிருந்து தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம்.

பிள்ளைகளே எழுதும் புத்தகம்

மலையகத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு எல்லாம் தெரிந்த பெரியவர்கள் லயங்களில் இருக்கிறார்கள். பிள்ளை அப்பாயியிடம் ஒரு கதை கேட்டு வந்து வகுப்பில் சொல்லட்டும். நான்கு தாள்களை இரண்டாக மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் பதினாறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி, ஒரு படம். பிஸ்கட் பெட்டி அட்டையே மேலுறை. இதற்கும் மற்ற நூல்களைப் போலவே சேர்விலக்கம் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றி, இரவல் கொடுக்க வேண்டும். கூட்டாளி எழுதியது என்றால் வாசிக்கத் தயங்கும் பிள்ளையும் எடுத்துப் பார்க்கும்.

தொலைந்தால் யார் பொறுப்பு?

அலுமாரி பூட்டியே கிடப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் குறைந்தால் தானே பதில் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர் அஞ்சுகிறார். தேய்வையும் இழப்பையும் முன்கூட்டியே எதிர்பார்த்து, அதற்குரிய நடைமுறையை அதிபர் எழுத்தில் வகுத்துக் கொடுத்தால் இந்தப் பயம் குறையும். பூட்டி வைத்தாலும் புத்தகம் தப்பாது: தென்மேல் பருவமழைக் காலத்து ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். இரவல் போகும் புத்தகத்துக்கு ஒரு பொலித்தீன் பை கொடுத்தால் மழையிலும் நனையாமல் லயத்துக்குப் போய்வரும்.

நூலகம் உண்மையில் இயங்குகிறதா என்பதை இரவல் பதிவேடு சொல்லிவிடும். எத்தனை புத்தகம் வெளியே போனது என்று கூட்டிப் பார்ப்பதைவிட, தவணை முழுதும் ஒருமுறைகூடப் பெயர் வராத பிள்ளைகள் யார் என்று தேடுவதே பயன். அடுத்த தவணைத் திட்டத்தை அந்தப் பிள்ளைகளை வைத்தே போட வேண்டும்.